அவ பேருல ஒரு இரும்புக்கடை

பழைய இரும்பு யாவாரமாம். ஈரோட்டுப் பக்கம் குடோன் பிடிச்சு, லாரி லாரியா ஏத்தி அனுப்புதாளாம். தாலுகா ஆபீஸ் கவுன்டர்ல இருந்த ஆளு கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. ஒரு தடவ நிமுந்து பாக்கல. பாத்திருந்தா அவருக்கே சிரிப்பு வந்திருக்கும். கல்யாண மண்டபத்துல பந்தி முடிஞ்சு அண்டா குண்டான் எல்லாம் தேச்சுப் போட்டுட்டு, ரப்பர் செருப்போட வந்து நிக்கா. பஸ்ல குடுத்த இலவச டிக்கெட்டைக்கூடக் கீழ போடாம முந்தியில முடிஞ்சு வச்சிருக்கா. இவதான் இரும்பு யாவாரி.

"உங்களுக்கு ஜிஎஸ்டி நம்பர் இருக்கும்மா. கோடிக்கணக்குல யாவாரம் ஓடுது. உரிமைத்தொகை உங்களுக்குக் கிடையாது. அடுத்து யாரு?"

அவ என்னைத் திரும்பிப் பாத்தா. "எனக்கு என்னமோ இருக்குங்காங்களே டீச்சர், அது என்னது?"

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். "வே, நீரு மொதல்ல இந்தம்மாவ ஏறிட்டுப் பாரும். பாத்துட்டு அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்லும்"னு கவுன்டரைத் தட்டிட்டேன். பின்னால வரிசையில நின்ன ஒரு ஆளு, "பைய, பைய"ன்னாரு. அவருக்கு என்ன, அவரு சோலி முடியணும். கவுன்டர் ஆளு கம்ப்யூட்டர் திரையை லேசா எங்க பக்கம் திருப்பிக் காட்டினாரு. அவ பேரு, அவ அப்பா பேரு, அவ பான் நம்பர். எல்லாம் சரியா இருக்கு. ஆளு மட்டும் இங்கன நிக்கா, கடை ஈரோட்டுல இருக்கு. "சிஸ்டம் சொல்லுதும்மா, நான் என்ன செய்ய?"ன்னாரு. சிஸ்டத்தை யாரு கேள்வி கேக்க?

அவ யாருன்னு சொல்லிருதேன். மாஞ்சோலையில பொறந்து, அங்கயே கொழுந்து பறிச்சு, அங்கயே கல்யாணம் கட்டி அம்பது வயசு ஆனவ. தேயிலைத் தோட்டத்தை மூடுதாங்கன்னு எல்லாரும் கீழ இறங்கினப்ப அவளும் புருஷனும் பாளையங்கோட்டைக்கு வந்து, எங்க வீட்டுக்கு எதிர்வீட்டுல வாடகைக்கு இருந்தாங்க. முதல்ல குடுத்தது மாடியில தகரம் போட்ட ரூம். வாடகை ரெண்டாயிரத்து ஐநூறு. அவ புருஷனுக்கு இளைப்பு. ஆயுசு பூரா மலைக் குளுருல இருந்த மனுஷன், பாளையங்கோட்டை வெயில்ல தகரத்துக்கு அடியில கிடந்தா என்ன ஆகும்? முத வருஷம் சித்திரையில ரெண்டு தடவ பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். ஆட்டோ பிடிச்சது நான்தான். அதுக்கப்புறம் கீழ கான்கிரீட் போட்ட ரூம் காலியாச்சு. வாடகை மூவாயிரத்து ஐநூறு. அவளுக்கு மாசம் பதினஞ்சாம் தேதி வருத உரிமைத்தொகை ஆயிரம். மேலயும் கீழயும் உள்ள வித்தியாசமும் ஆயிரம். அதை வச்சுத்தான் கீழ இறங்கினா.

இப்ப அந்த ஆயிரம் தை மாசத்தோட நின்னு போச்சு. வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான். ஆனா பங்குனி வரைக்கும் பாப்பேன், அதுக்கு மேல ஆள் கேக்காங்கன்னு சொல்லிட்டாரு. அதனாலதான் நான் அவள இழுத்துக்கிட்டு அந்த ஆபீஸ் படி ஏறினேன்.

நான் ஏன் போகணும்? போகத்தான் செய்வேன். முப்பத்தி மூணு வருஷம் இங்கிலீஷ் டீச்சரா இருந்தவ. எங்க தெருவுல யாருக்கு என்ன ஃபாரம் நிரப்பணும்னாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. ஜூலை பொறந்தா என் வருமான வரிக் கணக்கை நானே லேப்டாப்புல உக்காந்து போட்டிருவேன். ஆடிட்டர்ட்ட போனதே கிடையாது. பென்ஷன் எவ்வளவு, பேங்க்ல வட்டி எவ்வளவு, பிடிச்ச வரி எவ்வளவுன்னு அந்த வருஷத் தகவல் அறிக்கையை இறக்கி, ஒவ்வொண்ணாப் பேனாவால டிக் அடிச்சுப் பாத்துதான் அனுப்புவேன். ரிட்டையர் ஆனவங்க கூட்டத்துல எழுந்து பேசியும் இருக்கேன். பாஸ்வேர்டை யார்ட்டயும் குடுக்காதீங்க, பான் கார்டு செராக்ஸ்ல கையெழுத்துப் போட்டா எதுக்குன்னு பக்கத்துல எழுதுங்க, வரி ஆபீஸ்ல இருந்து ரீஃபண்டு வந்திருக்குன்னு லிங்க் வந்தா தொடாதீங்கன்னு. கை தட்டினாங்க. அந்தப் பெருமையை நினைச்சா இப்ப வாயில கசக்கு.

வீட்டுக்கு வந்ததும் அவள நாற்காலியில உக்கார வச்சு, லேப்டாப்பைத் திறந்தேன். பான் நம்பரைப் போட்டுத் தேடினா ஜிஎஸ்டி இருக்கா இல்லையான்னு யாரு வேணும்னாலும் பாக்கலாம். பாத்தா, அந்தக் கவுன்டர் ஆளு சொன்னது நெசம். கடைக்கு ஒரு பேரு வேற, ஏதோ டிரேடர்ஸ்னு. அப்புறம் வருமான வரி இணையதளத்துக்குப் போயி, புதுசா அவ பேருல கணக்கு திறக்கலாம்னு பான் நம்பரை அடிச்சேன். ஏற்கெனவே கணக்கு இருக்குன்னு சொல்லுது. அதுல பதிஞ்ச போன் நம்பரோட கடைசி ரெண்டு எண்ணைக் காட்டுது. அது என் நம்பரும் இல்ல, அவ நம்பரும் இல்ல. ஈமெயில் எவனோடதோ.

"ஏளா, நீ யார்ட்டயாவது உன் பான் கார்டக் குடுத்தியா?"

"நீங்க வாங்கித் தந்ததை நான் எதுக்கு டீச்சர் வெளிய எடுக்கப் போறேன்? அரிசிப் பானைக்குள்ள வச்சிருக்கேன்."

பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு போட்டா, ஆதார் வழியா ஓடிபி அனுப்பி மாத்திக்கிடலாம். அவ ஆதாருக்கு என் நம்பர்தான் குடுத்திருக்கு. என் போன் டிங்னு அடிச்சுச்சு. ஆறு எண்ணைப் பாத்தேன், போட்டேன், உள்ள போயிட்டேன். பெரிய துப்பறியும் ஆளு மாதிரி புது பாஸ்வேர்டு ஒண்ணு போட்டு, என் நோட்டுல எழுதி வச்சேன். அவ கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா.

உள்ள இருந்த கூத்தைப் பாக்கணுமே. போன வருஷத்துக்கு அவ பேருல ரிட்டர்ன் போட்டிருக்கான். அவ வாழ்க்கையில கண்ணால காணாத தொகை அங்கன யாவாரமா ஏறிக் கிடக்கு. லாபம் கொஞ்சம், வரி கொஞ்சம், எல்லாம் ஒழுங்காக் கட்டினாப்ல. களவாணிப் பயலுக்கு இருக்க ஒழுங்கைப் பாத்தீங்களா? நாளைக்கு எவனாவது அந்தப் பொய் யாவாரத்தைக் கிண்டினா, நோட்டீஸ் இந்த எதிர்வீட்டுக்கு வரும். இளைப்புக்காரர் வாங்கிக் கையெழுத்துப் போடணும்.

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. ஒரு பொம்பளை மாசம் ஆயிரம் வாங்கினா, அவ வீட்டுல கார் இருக்கா, கரன்ட் எவ்வளவு எரியுதுன்னு துருவித் துருவிப் பாக்க ஆள் இருக்கு. அதே பொம்பளை பேருல கோடி ரூபாய்க்கு இரும்பு போகுதே, இது யாருடா இவ, குடோன் எங்கடா இருக்குன்னு ஒரு ஆளு ஒரு எட்டு போயிப் பாக்கல. ஆயிரத்தை நிறுத்துததுக்கு அந்த யாவாரம் நெசமாம். அந்த யாவாரம் பொய்னு நாம சொன்னா, அதை நாமதான் நிரூபிக்கணுமாம். எந்தப் பேதியில போவான் இந்தச் சட்டத்தை எழுதினானோ தெரியல.

சரி, பான் கார்டு எங்க வாங்கினோம்னு யோசிச்சேன். அதுல சந்தேகமே இல்ல. தோட்டத்துல இருந்து இறங்கினப்ப பி.எப். பணம் எடுக்கணும், பான் கார்டு இல்லன்னா வரி கூடப் பிடிப்பாங்கன்னு சொன்னாங்க. நான்தான் எங்க பஜார்ல இருக்க பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். ஏன்னா அந்தக் கடைக்காரன் என்கிட்டப் படிச்ச பையன்.

இதை வெளியூர்க்காரங்களுக்குப் புரிய வைக்கது கஷ்டம். பாளையங்கோட்டையில டீச்சரா இருந்தவளுக்கு எங்க போனாலும் ஒரு படிச்ச பையன் இருப்பான். பேங்க்ல இருப்பான், ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்க இருப்பான், கண்டக்டரா இருப்பான். "டீச்சர், நீங்க ஏன் வரிசையில நிக்கீங்க, உள்ள வாங்க"ம்பான். முப்பத்தி மூணு வருஷத்துக்கு எனக்குக் கிடைச்ச சொத்து அதுதான். ஒருத்தன் நல்லவனான்னு நாங்க விசாரிக்க மாட்டோம். எந்த வருஷம், எந்த செக்‌ஷன், எத்தனாவது பெஞ்சுன்னு கேப்போம். அது தெரிஞ்சா போதும், பீரோ சாவியக் குடுத்திருவோம். இந்தப் பையன் எட்டாம் வகுப்பு பி செக்‌ஷன், சன்னல் ஓரம். இப்ப முப்பது தாண்டிட்டு, வழுக்கை விழ ஆரம்பிச்சிட்டு. எனக்கு அவன் இன்னும் சன்னல் ஓரம்தான்.

மறுநாள் பகல்லயே போனேன். அவளக் கூட்டிட்டுப் போகல. கடையில ரெண்டு பேரு ஃபாரம் நிரப்பிக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பாத்ததும் அவன் எந்திரிச்சு நாற்காலியைத் தொடச்சுப் போட்டான்.

"உக்காருங்க டீச்சர். கூல்டிரிங்ஸ் சொல்லட்டா?"

"ஏலே, அந்த மாஞ்சோலை அம்மாவோட ஆதாரையும் பானையும் யாருக்குக் குடுத்த?"

அவன் முகத்துல ஒரு ஓட்டம் ஓடிச்சு. முப்பத்தி மூணு வருஷம் பிள்ளைங்க முகத்தைப் பாத்தவ நான். வீட்டுப்பாடம் எழுதாதவன் முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஃபாரம் நிரப்பிக்கிட்டு இருந்த ரெண்டு பேரையும் வெளிய போகச் சொன்னேன். அவங்களும் போயிட்டாங்க. டீச்சர் குரலுக்கு அவ்வளவு மதிப்பு இன்னும் இருக்கு.

முதல்ல இல்லன்னான். அப்புறம் பாக்கணும்னான். அப்புறம் பைய ஒவ்வொண்ணா வந்துச்சு. ஈரோட்டுல ஒரு பார்ட்டி இருக்காராம். ஆதார், பான், போட்டோ, கரன்ட் பில்லு ஒரு செட்டாக் குடுத்தா அவரு காசு குடுப்பாராம். லோன் வாங்கிக் குடுக்கதுக்குன்னுதான் சொன்னாராம். யாவாரம் ஆரம்பிப்பாங்கன்னு இவனுக்குத் தெரியவே தெரியாதாம்.

"எத்தனை பேரோட செட்டைக் குடுத்தலே?"

அவன் பிரின்டரைத் துடைச்சான்.

"உனக்கு வெக்கமா இல்ல? மலையில இருந்து ஒரு பெட்டியும் பாயுமா இறங்கி வந்தவ. பேரைத் தவிர அவள்ட்ட என்னலே இருந்துச்சு? அதையும் வித்துட்டியே. நான் உன்னை நம்பித்தானே கூட்டிட்டு வந்தேன்? நீ மனுசன்தானா?"

நான் கத்தினது பக்கத்து மருந்துக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னான். நின்னுட்டு, குரலை உசத்தாம, அழுதுருவான் மாதிரி ஒண்ணு சொன்னான்.

"நான் தப்புத்தான் டீச்சர். ஆனா செட்டு மட்டும் இருந்தா ஒண்ணும் செய்ய முடியாது. ஓடிபி வேணும். ஓடிபியை நீங்கதான டீச்சர் சொன்னீங்க?"

"நான் சொன்னது பான் கார்டுக்கு."

"மூணு தடவ சொன்னீங்க டீச்சர்."

மடியில இருந்த கைப்பையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சேன். கடையை விட்டு இறங்கிட்டேன். அது தனக்குப் போதுமான அடின்னு நினைச்சிருப்பான். அடி எனக்கு விழுந்தது அவனுக்குத் தெரியாது.

பஸ் ஸ்டாண்டுல ஒரு பெஞ்சுல உக்காந்து போனை எடுத்தேன். பழைய மெசேஜ் ஒண்ணையும் நான் அழிக்கதில்ல, சோம்பேறித்தனம். மேல தள்ளித் தள்ளிப் போனேன். இருந்துச்சு. ஒரே நாளு, முக்கா மணி நேரத்துக்குள்ள மூணு ஓடிபி. அன்னைக்கு நடந்தது எனக்கு ஞாபகம் வந்துட்டு. அவ பேப்பரை எல்லாம் அவன் கடையில குடுத்துட்டு வந்து நான் ரேஷன் கடை வரிசையில நிக்கேன், கைரேகை மிஷின் வேலை செய்யல, எரிச்சல்ல இருக்கேன். அவன் போன் பண்ணுதான். "டீச்சர், ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க." சொன்னேன். "டீச்சர், சர்வர் ஸ்லோ, மறுபடி வரும்." சொன்னேன். "கடைசியா ஒண்ணு டீச்சர்." அதையும் சொன்னேன். சனியன் தொலையட்டும்னு சொன்னேன்.

ஒவ்வொரு மெசேஜுலயும் எண்ணுக்குப் பக்கத்துல, எந்த எடத்துக்காக இந்த ஓடிபின்னு போட்டிருக்கு. முதல்ல வந்தது பான் கார்டுக்கு, அந்த நம்பர் பத்து நிமிஷத்துல வந்திரும். ரெண்டாவது வருமான வரிக் கணக்குத் திறக்க. மூணாவது ஜிஎஸ்டிக்கு. யாருக்கும் சொல்லாதீங்கன்னும் இருக்கு. எல்லாம் சின்னச் சின்ன இங்கிலீஷ். ஆறாம் வகுப்புப் பிள்ளை வாசிச்சிரும். நான் முப்பத்தி மூணு வருஷமா ஒரு பரீட்சைக்கு முன்னாலயும் தவறாமச் சொன்ன ஒரே வார்த்தை, கேள்வியை முழுசா வாசிச்சிட்டு எழுதுங்கலேங்கது. முழுசா வாசிக்காதவனுக்கு மார்க் குறைச்சிருக்கேன். வெளிய முட்டி போட வச்சிருக்கேன். கூறுகெட்டவ, நான் எண்ணை மட்டும் பாத்திருக்கேன்.

அதுக்கும் மேல ஒண்ணு. அவள்ட்ட போன் இல்லாம இல்ல. பட்டன் போன் ஒண்ணு வச்சிருந்தா. ஆதார்ல விலாசம் மாத்தப் போன அன்னைக்கு, நம்பர் கேட்டதும் அவ மடியில இருந்து அந்தப் போனை எடுத்து நீட்டினா. நான்தான் அவ கையைத் தள்ளி, "அந்த டப்பா போன் எதுக்கு? மெசேஜ் வந்தா உனக்கு வாசிக்கத் தெரியுமா? என் நம்பரைப் போடுங்க தம்பி"ன்னேன். அவ போனைத் திரும்ப முந்தியில முடிஞ்சுக்கிட்டா. அவள யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நானும் கேக்கல. அந்த நேரம் அது எனக்கு உபகாரமாத் தெரிஞ்சுச்சு.

ரெண்டு பஸ்ஸை விட்டேன். மூணாவது பஸ்ல ஏறி நேரா எதிர்வீட்டுக்குப் போனேன். தள்ளிப் போட்டா நான் சொல்ல மாட்டேன்னு எனக்கே தெரியும். அவ புருஷன் கட்டில்ல உக்காந்து கடுங்காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தாரு. அவ உளுந்து பொடைச்சுக்கிட்டு இருந்தா. நான் உக்காரல. நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். கடைக்காரன் வித்தது, ஈரோட்டுப் பார்ட்டி, மூணு ஓடிபி, அதைச் சொன்னது நான். மூணாவதையும் மறைக்காமச் சொன்னேன்.

சொளகை அவ கீழ வைக்கல. கொஞ்ச நேரம் பொடைச்சுக்கிட்டே இருந்தா.

"மெசேஜ் வந்த அன்னைக்கு, உன் பேருல இப்படி வந்திருக்கு பிள்ளன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா டீச்சர்?"

"எனக்கே தெரியலையே."

"வாசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்லா?"

கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா நானும் ஏதாவது பேசித் தப்பிச்சிருப்பேன். அந்த ஆயிரத்தை மாசாமாசம் நான் தாரேன், கீழயே இருங்கன்னேன். மனசாரத்தான் சொன்னேன். பென்ஷன் வருது, ஒத்தைக் கட்டை, எனக்கு என்ன செலவு? அவ புருஷன் அவ முகத்தைப் பாத்தாரு. அவ வேண்டாம்னு தலையை ஆட்டிட்டா.

"அது உங்க துட்டு டீச்சர். அந்த ஆயிரம் என் பேருக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு. தோட்டத்துல இருந்தப்ப சம்பளத்தைக்கூட இவுகதான் போயி வாங்குவாக. மாசாமாசம் என் பேருக்குன்னு வந்தது அது ஒண்ணுதான். அதை எனக்கு வாங்கித் தாங்க."

அதுக்கப்புறம் நான் ஏறின படியை எண்ண முடியாது. ஜிஎஸ்டியை ரத்து செய்யணும்னு ஒரு மனு. வருமான வரி இணையதளத்துல இந்த ரிட்டர்ன் நாங்க போடலன்னு ஒரு புகார். உரிமைத்தொகைக்கு மேல்முறையீடு. போலீசுக்கு ஒண்ணு. ஒரு எடத்துல கேட்டாங்க, "அந்தம்மா ஈரோடு போயி அந்த ஆபீஸ்ல நேர்ல சொல்லலாமே"ன்னு. இன்னொரு எடத்துல, "இந்த மாதிரி நிறைய வருதும்மா"ன்னாங்க. நிறைய வருதுன்னா நிறைய கோவம்லா வரணும்? இவங்களுக்குக் கொட்டாவி வருது. அவனுக்கு ஒரு பேரைத் திருட மூணு ஓடிபி போதும், அதுவும் முக்கா மணி நேரத்துல. திருப்பி வாங்குததுக்கு முப்பது நாள், அறுபது நாள், பரிசீலனையில் உள்ளதுன்னு ஒரு வரி. கடை போட்டவன் முகத்தை யாரும் கேக்கல, கடை போடாதவளைப் போட்டோ எடுத்துக் கொண்டா, கையெழுத்துப் போடுன்னு அலைய விடுதாங்க.

புகார் எழுதி வாங்குத எடத்துல நான் எழுதினதை வாசிச்சிட்டு ஒருத்தர் சொன்னாரு, "ஓடிபியை நீங்க சொன்னதா எழுதியிருக்கீங்களே டீச்சர், அதை எடுத்திருங்க, கேஸ் நிக்காது." அவரும் படிச்ச பையன்தான், பத்தாம் வகுப்பு ஏ செக்‌ஷன். அக்கறையாத்தான் சொன்னாரு. நான் எடுக்கல. என்ன நிக்கும், என்ன நிக்காதுன்னு எனக்குத் தெரியாது. நடந்தது அது. கடைக்காரனைக் கூப்பிட்டு விசாரிச்சாங்கன்னு கேள்விப்பட்டேன். கடை ஒரு வாரம் பூட்டிக் கிடந்துச்சு, அப்புறம் திறந்துட்டான். இப்ப நான் அந்தப் பக்கம் போறதில்ல.

சித்திரை பொறந்துட்டு, துட்டு வரல. அவங்க மாடிக்குப் போயிட்டாங்க. கட்டிலை நாலு பேரு தூக்கினாங்க, நான் ஃபேனைத் தூக்கிட்டுப் போனேன். அவ புருஷன் ஒவ்வொரு படியிலயும் நின்னு நின்னு மூச்சு வாங்கி ஏறினாரு. பதினேழு படி. மேல ஏறினதும் கதவைப் பிடிச்சுக்கிட்டு, "பரவால்ல, காத்து வருது"ன்னாரு. அனல் அடிக்கு, காத்து வருதுங்காரு. தகரத்து மேல அவ நனைச்ச சாக்கை விரிச்சுப் போட்டா. ஒரு மணி நேரத்துல காஞ்சு போச்சு.

போன வாரம் அவளே என் வீட்டுக் கதவைத் தட்டினா. தனியாவே ஆதார் சென்டருக்குப் போயி, கைரேகை வச்சு, நம்பரை மாத்திட்டு வந்திருக்கா. ஒப்புகைச் சீட்டைக் காட்டினா. அவளோட பட்டன் போன் நம்பர். நல்ல காரியம் செஞ்சன்னு சொன்னேன். என்னை ஒரு வார்த்தை கேக்கலையேன்னும் இருந்துச்சு, அதையும் சொல்லணும்.

"அந்த வரிக் கணக்கு பாஸ்வேர்டையும் மாத்தணும் டீச்சர்."

"அந்தப் பய போட்டதை நான் அன்னைக்கே மாத்திட்டேனே. என் நோட்டுல பத்திரமா இருக்கு."

"அது நீங்க போட்டதுலா."

லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு அவ பின்னால மாடிக்குப் போனேன். பகல் பதினொரு மணி. தகரம் மேல வெயில் இறங்கி, உள்ள நின்னாத் தலை கிறுகிறுங்கு. அவ புருஷன் ஈரத்துண்டை நெஞ்சுல போட்டுக்கிட்டுக் கிடந்தாரு, ஃபேன் நேரா அவரு முகத்துக்கு. லேப்டாப்பை ஒரு ஸ்டூல்ல வச்சேன். பாஸ்வேர்டு எப்படி இருக்கணும், பெரிய எழுத்து எங்க, சின்ன எழுத்து எங்க, புள்ளி எங்க அமுக்கணும்னு காட்டிக் குடுத்தேன். அவ ஒரு பேப்பர்ல என்னமோ ஏற்கெனவே எழுதி, மடிச்சுக் கைக்குள்ள வச்சிருந்தா. ஆதார் வழியா ஓடிபி கேட்டு அனுப்பினேன். என் போன் சத்தம் போடல. அவ மடியில இருந்த போன் போட்டுச்சு.

கை பழக்கம், பாருங்க. "கொண்டா, பாப்போம்"னு கையை நீட்டிட்டேன்.

அவ போனைத் தரல. நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டா. என்னைப் பாத்துத் தன்மையாத்தான் சொன்னா.

"கொஞ்சம் அங்கன திரும்பிக்கோங்க டீச்சர்."

நான் திரும்பி, தகரத்தைப் பாத்து நின்னேன். எனக்குப் பின்னால அவ ஒரு விரலால, எண்ணைத் தேடித் தேடி, ஒவ்வொண்ணா அமுக்கிக்கிட்டு இருந்தா.